ரெண்டு ஸ்பீக்கர் ஸ்டீரியோவில் சப்வூஃபர் சேர்ப்பது: வாங்குவதை விட வைக்கும் இடம் முக்கியம்

அஞ்சு இன்ச் வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான கோன்) உள்ள, அலமாரியில் வைக்கும் புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே தளர ஆரம்பித்துவிடும். பேஸ் கிடாரின் தடித்த தந்தியோ 41 ஹெர்ட்ஸில் பேசுகிறது. இடையில் விடுபடும் பேஸை, அதாவது அடி ஒலியை, நிரப்பத்தான் சப்வூஃபர் என்கிற சப். கோயில் கொடைக்குக் கட்டும் பாக்ஸ் மாதிரி நெஞ்சில் இடிக்க வேண்டும் என்று நினைத்து வாங்கினால் வீட்டில் ஒரு பாட்டைக்கூட நிம்மதியாகக் கேட்க முடியாது. சரியாக அமைந்த சப் தனியாகக் காதில் விழாது. அதை அணைத்தால்தான் பாட்டின் அடித்தளம் காணாமல் போனது தெரியும்.

கர்நாடக வாய்ப்பாட்டும் வயலினும் மட்டும் கேட்பவர்களுக்கு இது அவசியமே இல்லை. அந்தக் காசில் நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம்.

வாங்கும்போது உள்ளேயே ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) இருக்கும் ஆக்டிவ் சப்பாகப் பாருங்கள். பழைய ஹோம் தியேட்டர் செட்டில் இருந்து தனியாக விற்கும் சப் பலதும் பாஸிவ். அதற்குத் தனி ஆம்பும் ஃபில்டரும் வேண்டும், ஸ்டீரியோ ஆம்பில் அப்படியே மாட்ட முடியாது. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 8 அல்லது 10 இன்ச் போதும். அமெரிக்காவில் இருந்து வந்த செகண்ட் ஹேண்ட் என்றால், பிளக்கைச் சொருகும் முன் பின்பக்கம் 115 / 230 வோல்ட் சுவிட்ச் இருக்கிறதா, எதில் நிற்கிறது என்று பாருங்கள். 115-இல் நிற்பதை நம்ம கரண்டில் போட்டால் அந்த நொடியே போய்விடும்.

இணைப்பு

ஆம்பில் சப் அவுட் அல்லது ப்ரீ அவுட் (வால்யூமுக்குக் கட்டுப்பட்டு வெளியே வரும் லைன்) இருந்தால் வேலை சுலபம். ஷீல்டு உள்ள ஆர்சிஏ கேபிள் எடுத்து சப்பின் இடது, வலது லைன் இன்புட்டில் சொருகுங்கள். 5 மீட்டர் வரை கவலையில்லை. எல்எஃப்இ (ஹோம் தியேட்டரின் தனி பேஸ் சேனல்) என்று போட்ட இன்புட்டைத் தவிருங்கள். பல சப்களில் அது, மேல் ஒலியை வெட்டி பேஸை மட்டும் விடும் கிராஸ்ஓவரைத் தாண்டிப் போய்விடும், பாடகர் குரலும் சப்பில் வரும்.

பதிவுக் கருவிக்கான ரெக் அவுட், டேப் அவுட்டில் மாட்டக் கூடாது. ஆம்பின் வால்யூம் அதைக் கட்டுப்படுத்தாது. சந்தேகம் இருந்தால் பாட்டை ஓட விட்டு, சப்பின் கெயினை (சப்பின் சொந்த வால்யூம் குமிழ்) கொஞ்சமாக வைத்து, ஆம்ப் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். சப்பில் அப்போதும் பாட்டு கேட்டால் தப்பான ஓட்டையில் சொருகியிருக்கிறீர்கள்.

இந்த அவுட் எதுவுமே இல்லாத பழைய ஆம்பா? ஸ்பீக்கர் டெர்மினலில் இருந்தே எடுக்கலாம். சப்பில் ஹை லெவல் இன்புட் (ஸ்பீக்கர் ஒயரை மாட்டும் இன்புட்) இருக்க வேண்டும். ஆம்பை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் ஒயர் இருக்கும் அதே டெர்மினலில் இன்னொரு ஜோடி ஒயர் சேர்த்து சப்புக்குக் கொண்டு போங்கள். இதில் கரண்ட் மிகக் குறைவு, அதனால் 0.75 சதுர மி.மீ. ஒயரே தாராளம்; ஆம்புக்கும் சுமை கூடாது. ஒரே ஒரு எச்சரிக்கை: பிரிட்ஜ் முறையில் ஓடும் ஆம்ப்களில், சின்ன கிளாஸ் டி ஆம்ப் பலதும் இந்த வகைதான், மைனஸ் முனையிலும் சிக்னல் ஓடும். அங்கே ரெண்டு மைனஸையும் ஒன்றாகச் சேர்த்தாலோ கிரவுண்டில் தொட்டாலோ ஆம்ப் போச்சு. மேனுவலைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

இடம்

பாதி வேலை இங்கேதான். சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் ஒலி சில அலைவரிசையில் மட்டும் ஊதிப் பெரிதாகும், வேறு இடத்தில் அமுங்கிப் போகும். கணக்கு எளிது: நம்ம சூட்டில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் முதல் சிக்கல் அலைவரிசை வரும்.

பழைய வளவு வீடுகளில் 18 அடி நீளம், 9 அடி அகலத்தில் பட்டாசல் என்கிற கூடம் இருக்கும். நீளத்துக்கு 32 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 64. நீளத்தின் இரண்டாவது அலை, அதாவது 32-இன் இரு மடங்கு, அதுவும் 64-இல்தான் விழும். ரெண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி 64-இல் ஒரே குழப்பம். அதை விட மோசம் பத்துக்குப் பத்து, உயரமும் பத்தடி என்று கட்டிய புது காங்கிரீட் அறை. மூன்று திசையும் 57 ஹெர்ட்ஸிலேயே கூடிவிடும். சிமெண்ட் பூசிய சுவரும் டைல்ஸ் தரையும் பேஸை உறிஞ்சாது. பத்தமடைப் பாய் விரித்தாலும் இதற்கு உதவாது. மெல்லிசானது எதுவும் இந்த அலையைத் தொடாது. கனத்த இலவம்பஞ்சு மெத்தையும் சோஃபாவும் ஓரளவு உதவும்.

அதனால் இடத்தைக் காதால் தேட வேண்டும். நீங்கள் உட்காரும் நாற்காலியை நகர்த்திவிட்டு அதே இடத்தில் சப்பை வையுங்கள். பேஸ் கிடார் ஏறி இறங்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். பிறகு சுவரோரமாக, சப் வைக்க முடிந்த இடங்களில் எல்லாம் குனிந்து, காதை முழங்கால் உயரத்துக்குக் கொண்டு வந்து கேளுங்கள். மூலையில் பெரிதாகக் கேட்கும், ஆனால் ஒரு சுரம் மட்டும் வீங்கும். ரெண்டடி தள்ளினால் ஒரு சுரம் காணாமல் போகும். எல்லாச் சுரமும் ஏறக்குறைய ஒரே அளவில் எங்கே கேட்கிறதோ, அங்கே சாக்பீஸால் குறியிட்டு சப்பை அங்கே மாற்றுங்கள். உங்கள் நாற்காலி அறை நீளத்தின் சரிநடுவில் இருக்க வேண்டாம். முதல் அலை அங்கே செத்துப் போகும், எவ்வளவு கெயின் ஏற்றினாலும் வராது.

காற்றுக்காகத் தார்சா என்கிற முன்தாழ்வாரத்தின் கதவைத் திறந்து வைத்துக் கேட்பவர்கள், கதவைத் திறந்து வைத்தே இதைச் செய்யுங்கள். கதவு மூடினால் பேஸ் வேறு மாதிரி ஆகிவிடும்.

கிராஸ்ஓவர், ஃபேஸ், கெயின்

இந்த வரிசையிலேயே செய்யுங்கள். கிராஸ்ஓவரைப் புக்ஷெல்ஃபுக்கு 60 முதல் 70 ஹெர்ட்ஸ், தரையில் நிற்கும் டவர் ஸ்பீக்கருக்கு 40 முதல் 50-இல் தொடங்குங்கள். 100-க்கு மேல் போனால் ஒலி எந்த மூலையில் இருந்து வருகிறது என்று காது கண்டுபிடித்துவிடும்.

ஃபேஸ் என்பது சப்பும் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் முன்னும் பின்னும் அசைவது. அதைச் சரிபார்க்க இன்னொரு ஆள் வேண்டும். போனை ஆம்பில் இணைத்து, டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, கிராஸ்ஓவர் அளவிலேயே, உதாரணமாக 65 ஹெர்ட்ஸில், மிதமான சத்தத்தில் ஒரு டோன் ஓட விடுங்கள். சத்தம் கூடினால் வூஃபருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் சூடாகிவிடும். நீங்கள் நாற்காலியில் இருக்க, அவர் 0-க்கும் 180-க்கும் மாற்றட்டும். எதில் பெரிதாகக் கேட்கிறதோ அதுவே சரி. சுற்றும் குமிழ் இருந்தால் இன்னும் துல்லியமாகச் செய்யலாம்: ஆம்பை அணைத்து ரெண்டு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸையும் மாற்றிக் கட்டி, டோன் மிக அமுங்கும் இடம் வரை குமிழைத் திருப்பி நிறுத்துங்கள். பிறகு ஒயரைப் பழையபடி மாற்றினால் அதே இடத்தில் முழுதாகச் சேரும்.

கெயினைப் பூஜ்யத்தில் இருந்து ஏற்றுங்கள். வழக்கமாகக் கேட்கும் வால்யூமிலேயே செய்ய வேண்டும், சத்தம் குறைந்தால் காதுக்கு பேஸ் குறைவாகவே படும். பெட்டி இருக்கும் திசை தெரிய ஆரம்பித்ததும் ஒரு பொட்டு குறையுங்கள். வில்லிசைப் பதிவு இருந்தால் குடத்தின் அடியைக் கேட்டுப் பாருங்கள். 'தும்' என்று அடித்து நிற்க வேண்டும். இழுத்தால் கெயின் அதிகம், இல்லை இடம் தப்பு.

ஹம் வந்தால்

பாட்டு இல்லாதபோது 'ம்ம்ம்' என்று முனகுவது பெரும்பாலும் கிரவுண்ட் லூப், அதாவது கருவிகள் ரெண்டு வழியில் எர்த்தில் சேர்ந்து உண்டாகும் வளையம். ஆர்சிஏவைச் சப்பில் இருந்து கழற்றுங்கள். முனகல் நின்றால் லூப்தான். ஆம்ப் இன்வெர்ட்டர் லைனிலும் சப் இன்வெர்ட்டர் இல்லாத மெயின் லைனிலும் இருப்பது நம்ம வீடுகளில் அடிக்கடி நடக்கும் தப்பு. ரெண்டையும் ஒரே போர்டில் போடுங்கள். டிடிஎச் பாக்ஸ் ஆம்பில் சேர்ந்திருந்தால் டிஷ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள், பலருக்கு அதிலேயே தீர்ந்துவிடும். கரண்ட் போனபோது மட்டும் கரகரவென்று வந்தால், அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். சைன் வேவ் இல்லாமல் சரியாகாது.

எர்த் பின்னை ஒருபோதும் வெட்டாதீர்கள். உயிர் விஷயம் அது. எர்த்தே சரியில்லாத வீடும் உண்டு. திசையன்விளைப் பக்கத் தேரி மணலில் கோடையில் எர்த் குழி காய்ந்து போகும். தண்ணீர் ஊற்றி, எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். லூப்பைத் துண்டிக்கக் கேபிள் நடுவே மாட்டும் ஆர்சிஏ ஐசொலேட்டரைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். மலிவானது ஹம்மோடு சேர்த்து அடி பேஸையும் தின்றுவிடும்.

கடகட சத்தம்

டோனை 20-இல் இருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றினால், இரும்பு பீரோக் கதவு, ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கொக்கி எல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்கும். கையால் அழுத்திப் பாருங்கள், நின்றால் அந்த இடத்தில் ஃபெல்ட் துண்டு ஒட்டுங்கள். சப் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

பின்பக்கம் சுவரில் இருந்து நாலு இன்ச்சாவது விடுங்கள், ஆம்ப் சூடு வெளியேற வேண்டும். போர்ட் ஓட்டை உள்ள சப் என்றால் எலியும் கரப்பானும் உள்ளே குடியேறும். கண் பெரிதான வலையை லேசாகக் கட்டலாம், துணியால் அடைத்தால் பேஸின் தன்மையே மாறும். ராத்திரி மெதுவாகக் கேட்கும்போது சப் தானாக அணைந்தால் ஆட்டோ சுவிட்சை ஆன்-க்கு மாற்றுங்கள். ஐப்பசி இடிமழைக்கு, சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையும் டிஷ் கேபிளையும் சேர்த்தே உருவிவிடுங்கள்.