இரண்டு துறைகள், ஒரே ரகசியக் கோப்பு: அமெரிக்க அரசு அலுவலகங்களில் ஆள் பாதுகாப்பையும் ஆவணப் பாதுகாப்பையும் ஒருங்கிணைப்பது எப்படி?

அமெரிக்க மத்திய அரசின் ஓர் அலுவலகத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இப்போதுதான் பொறுப்பேற்றிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். துறைமுகச் சரக்குச் சோதனை பற்றி பென்டகனோடு சேர்ந்து ஓர் ஆய்வு நடக்கப்போகிறது. அவர்கள் பக்கம் மூன்று பேர், உங்கள் பக்கம் இரண்டு பேர். தாள்கள் 'சீக்ரெட்' நிலை, அதாவது கான்ஃபிடென்ஷியலுக்கு மேல், டாப் சீக்ரெட்டுக்குக் கீழ். அடுத்த மாதம் முதல் கூட்டம். எங்கே தொடங்குவது?

முதலில் நான்கு எண்களை மனதில் வையுங்கள். எந்தத் தகவல் ரகசியம், அதை எப்படிக் காப்பது என்பதற்கு 2009 டிசம்பரில் வந்த நிர்வாக ஆணை 13526. யாருக்கு அதைப் பார்க்கும் தகுதி என்பதற்கு 1995-இன் ஆணை 12968. அந்தத் தகுதி விதிகளைத் துறைகள் அனைத்துக்கும் ஒன்றாக வகுக்கும் பொறுப்பைத் தேசிய உளவுத்துறை இயக்குநரிடம் தந்தது 2008-இன் ஆணை 13467. உள்ளிருப்பவர்களால் வரும் ஆபத்தைக் கண்காணிக்க 2011-இன் ஆணை 13587. ஆள் விஷயமும் ஆவண விஷயமும் தனித்தனி ஆணைகளில் இருப்பதால் பல அலுவலகங்களில் இரண்டையும் வெவ்வேறு பிரிவுகள் பார்க்கின்றன. தவறுகள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் விழுகின்றன.

1. மூன்று பூட்டையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள்

ஒரு ரகசியத் தாளை ஒருவர் பார்க்க மூன்று நிபந்தனை: தகுதி முடிவு, அதாவது கிளியரன்ஸ், கையெழுத்திட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தம், அதாவது எஸ்.எஃப். 312 என்ற அரசுப் பொதுப்படிவம், அந்தத் தகவலை அறிய வேண்டிய வேலைத் தேவை. முதல் இரண்டையும் கணினியில் பார்த்துவிடலாம். எஸ்.எஃப். 312 அமெரிக்க அரசோடு செய்யும் ஒப்பந்தம், ஒரு துறையோடு மட்டும் அல்ல. ஆகவே வேறு துறையில் கையெழுத்திட்டது என்பதற்காக அது செல்லாமல் போகாது.

மூன்றாவதை எந்தக் கணினியும் சொல்லாது. தாளைக் கையில் வைத்திருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். "அவருக்கு டாப் சீக்ரெட் இருக்கே, காட்டினால் என்ன" என்ற பேச்சை முதல் நாளே நிறுத்துங்கள். ஆய்வுக்கு எந்தெந்தத் தலைப்புகள் தேவை, யாருக்கு எது தேவை என்று ஒரு பக்க அட்டவணை போட்டு, இரு துறைத் தலைவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். இந்த ஒரு பக்கம் பின்னால் பத்துச் சண்டைகளைத் தடுக்கும்.

2. கிளியரன்ஸைச் சரிபாருங்கள், மறுபடி விசாரிக்காதீர்கள்

பென்டகன் ஆட்களின் விவரம் டிஸ் என்ற கணினி அமைப்பில் இருக்கும். உளவுத்துறை ஆட்களுக்கு ஸ்கேட்டர்டு காசில்ஸ். ஒன்றில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் அவருக்குக் கிளியரன்ஸ் இல்லை என்று எழுதிவிடாதீர்கள், அடுத்ததில் தேடச் சொல்லுங்கள். அவர்களுடைய பாதுகாப்பு அலுவலகம் உங்கள் அலுவலகத்துக்கு வருகைச் சான்று அனுப்ப வேண்டும். இதைத்தான் "கிளியரன்ஸ் பாஸ் பண்றது" என்பார்கள். சான்றில் வருகை தொடங்கும் நாள், முடியும் நாள், நோக்கம், தொடர்பு அதிகாரி எல்லாம் இருக்கிறதா பாருங்கள். வருபவரே தன் கையில் கொண்டுவரும் கடிதத்தை ஏற்காதீர்கள். அலுவலகத்திலிருந்து அலுவலகத்துக்கு வந்தால்தான் அது சான்று.

ஒருவர் உங்கள் துறைக்கே மாற்றலாகி வந்தால், முந்தைய துறை தந்த தகுதியை ஏற்பதுதான் விதி. 2018-இல் வந்த பாதுகாப்பு நிர்வாக உத்தரவு 7, விண்ணப்பம் வந்து ஐந்து வேலை நாளுக்குள் முடிவு சொல்லச் சொல்கிறது. கடைசி விசாரணை ஏழு ஆண்டுக்கு முந்தையது, தகுதி தற்காலிகமானது, நிபந்தனையோடு தரப்பட்டது, இடைநிறுத்தப்பட்டது, அல்லது புதிதாக ஏதேனும் பாதகமான தகவல் வந்திருக்கிறது என்றால் மறுக்கலாம். "எங்கள் துறை கொஞ்சம் கண்டிப்பு" என்பது காரணம் ஆகாது.

அதே சமயம், பழைய விசாரணை முழுமையானது என்று கண்மூடி நம்பவும் முடியாது. 2013 செப்டம்பர் 16 அன்று வாஷிங்டன் நேவி யார்டில் 12 பேரைச் சுட்டுக் கொன்றவரிடம் சீக்ரெட் கிளியரன்ஸ் இருந்தது. 2004-இல் சியாட்டிலில் ஒரு காரின் டயர்களைத் துப்பாக்கியால் சுட்டதற்காக அவர் கைதானவர். அவரைப் பற்றிய விசாரணை அறிக்கையில் டயர் சேதம் இருந்தது, துப்பாக்கி என்ற சொல் இல்லை. உள்ளூர்க் காவல் நிலைய அறிக்கையின் மூலப் பிரதியை வாங்கிப் பார்ப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம்.

3. புதிதாக விண்ணப்பிப்பவருக்கு உதவுங்கள்

கிளியரன்ஸுக்கு விண்ணப்பிக்கும் எஸ்.எஃப். 86 படிவம்தான் பெரிய மலை. பத்து ஆண்டு முகவரிகள் ஒரு மாத இடைவெளிகூட இல்லாமல் வேண்டும், வேலைகளும் அப்படியே. இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் இதில் வழக்கமாகத் தடுமாறும் இடங்களைச் சொல்லிவிடுகிறோம்.

பெயர் முதலில். பள்ளிச் சான்றிதழில் "எஸ். கார்த்திக்", கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நீண்டு, வங்கியில் இரண்டும் இடம் மாறி இருக்கும். பயன்படுத்திய எல்லா வடிவங்களையும் 'பிற பெயர்கள்' பகுதியில் எழுத வேண்டும். பிறந்த தேதி பள்ளியில் சேர்க்க மாற்றிக் கொடுக்கப்பட்டிருந்தால் அதையும் விளக்கக் குறிப்பில் சொல்லிவிடுவது நல்லது. பதிவுகள் ஒத்துப்போகாததைப் புலனாய்வாளர் தானாகக் கண்டுபிடிக்கும் வரை விட்டால் மறைத்ததாகத் தோன்றும்.

அடுத்தது சொத்து. பகுதி 20ஏ வெளிநாட்டு நிலம், வீடு பற்றிக் கேட்கிறது. இப்போது இருப்பதை மட்டும் கேட்பதில்லை, எப்போதாவது இருந்ததா, இனி வரும் என்று எதிர்பார்க்கிறீர்களா என்றும் கேட்கிறது. ஊரில் தாத்தா நிலத்தின் கூட்டுப் பட்டாவில் பெயர் இருந்தால் எழுதுங்கள். பெற்றோர் வீட்டில் பங்கு வரும் என்றால் அதையும் எழுதுங்கள். பகுதி 19-இல், கடந்த ஏழு ஆண்டில் நெருக்கமாகவோ தொடர்ந்தோ பழகும் வெளிநாட்டவர்: வாரந்தோறும் வாட்ஸ்அப்பில் பேசும் கல்லூரி நண்பன் இதில் வருவான், குடும்பக் குழுவில் காலை வணக்கம் மட்டும் அனுப்பும் தூரத்துச் சொந்தம் பெரும்பாலும் வராது. உறவினர்களுக்குத் தனியே பகுதி 18.

ஊரில் அம்மா இருப்பதால் மட்டும் யாரும் தானாக மறுக்கப்படுவதில்லை. 2017-இன் பாதுகாப்பு நிர்வாக உத்தரவு 4 தரும் 13 அளவுகோல்களில் வெளிநாட்டுச் செல்வாக்கு ஒன்று. கடன், குடி, போதைப்பொருள், ஒளிவுமறைவு எல்லாம் சேர்த்துத்தான் முழு ஆளையும் எடைபோடுகிறார்கள். உண்மையைச் சொன்னவரின் சங்கடமான விவரங்களை விளக்கித் தணிக்க வழி உண்டு. மறைத்தது தெரியவந்தால் வழி மிகக் குறுகிவிடும்.

இந்தப் படிவங்களையே பத்திரமாக வைக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். 2015-இல் வெளிவந்த ஓ.பி.எம். (மத்திய அரசுப் பணியாளர் நிர்வாக அலுவலகம்) கணினி ஊடுருவலில் பின்னணி விசாரணை சார்ந்த 2.15 கோடிப் பேரின் விவரமும் 56 லட்சம் பேரின் கைரேகையும் போயின. நிரப்பிய படிவத்தின் நகலைச் சாதாரண மின்னஞ்சலில் "ஒருமுறை பார்த்துச் சொல்லுங்க" என்று அனுப்ப விடாதீர்கள்.

4. தாளில் குறியிடுவது

ஆய்வுக் குழுவின் அறிக்கை இரு துறை மூலங்களிலிருந்து பிறக்கும். இதை எழுதுபவர் புதிதாக எதையும் ரகசியம் ஆக்குவதில்லை, மூலத்தின் ரகசியத்தைக் கடத்துகிறார். அதற்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது பயிற்சி முடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த அதிகாரம் நிறுத்தப்படும். கூட்டத்துக்கு முன் ஐந்து பேரின் பயிற்சித் தேதியையும் வாங்கிவிடுங்கள்.

ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் அதன் நிலை: ரகசியமற்றதற்கு யு, கான்ஃபிடென்ஷியலுக்கு சி, சீக்ரெட்டுக்கு எஸ், டாப் சீக்ரெட்டுக்கு டி.எஸ். தலைப்புக்கும் வேண்டும், படத்துக்கும் வேண்டும். பக்கத்தின் மேலும் கீழும் மொத்த நிலை. முதல் பக்கத்தில் இப்படி ஒரு கட்டம்:

வகைப்படுத்தியவர்: பெயர், பதவி, அலுவலகம்
மூலம்: பல மூலங்கள்
ரகசியம் நீங்கும் நாள்: 20370615

அந்தத் தேதி எப்படி வந்தது? ஒரு மூலம் 2031 மார்ச் 1 வரை, இன்னொன்று 2037 ஜூன் 15 வரை என்றால் தூரத்துத் தேதியை எடுக்க வேண்டும். "பல மூலங்கள்" என்று எழுதினால் அந்த மூலங்களின் பட்டியலை அறிக்கையிலேயே இணைக்க வேண்டும். தணிக்கையில் அடிக்கடி மாட்டுவது இந்தப் பட்டியல் இல்லாத அறிக்கைதான். ஆறு மாதம் கழித்து எந்த வரி எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது, ரகசியம் நீக்கவும் முடியாது.

இரு துறைகளின் தகவலைச் சேர்க்கும்போது இன்னொரு சிக்கல் வரும். தனித்தனியே யு-வாக இருந்த இரண்டு அட்டவணைகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் ஒரு பலவீனத்தைக் காட்டிக் கொடுக்கலாம். அப்போது எழுதுபவர் தானாக எஸ் போடவும் கூடாது, யு என்று விடவும் கூடாது. வகைப்பாட்டு வழிகாட்டியைப் பாருங்கள். அதில் இல்லையென்றால், முதல்நிலை வகைப்படுத்தும் அதிகாரம், அதாவது புதிதாக ரகசியம் ஆக்கும் அதிகாரம் உள்ளவரிடம் கொண்டுபோங்கள், முடிவு வரும்வரை ரகசியமாகவே வைத்துக் காத்திருங்கள்.

அடுத்த துறையின் தாளை மூன்றாவது துறைக்குத் தரலாமா? 2010 ஜூன் 27-க்குப் பிறகு எழுதப்பட்டது என்றால், மூன்று நிபந்தனையும் பொருந்தினால் தரலாம், ஆர்கான் (எழுதிய துறையைக் கேட்காமல் பகிரக்கூடாது) போன்ற தடைக்குறி இல்லாதவரை. அதற்கு முந்தைய தாளுக்கு எழுதிய துறையின் சம்மதம் வேண்டும். இன்னொன்று: தவறை மறைக்கவோ சங்கடத்தைத் தவிர்க்கவோ ரகசிய முத்திரை குத்தக் கூடாது என்று ஆணை 13526 வெளிப்படையாகத் தடுக்கிறது. முத்திரை தவறு என்று தோன்றினால் எழுத்தில் கேள்வி கேட்கலாம். 60 நாளுக்குள் பதில் தர வேண்டும், கேட்டவரைப் பழிவாங்கக் கூடாது. இதைக் குழுவுக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள்.

5. அறையும் பெட்டியும்

அழைப்பு மின்னஞ்சலில் ரகசியம் எதுவும் வேண்டாம்: நாள், நேரம், அறை எண், தொடர்பு எண் போதும். கைபேசி, திறன்கடிகாரம், கம்பியில்லாக் காதுக்கருவி வெளியே. காதுகேட்கும் கருவி அணிபவருக்கு முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், வாசலில் வைத்துச் சங்கடப்படுத்த வேண்டாம். தொடக்கத்தில் இன்றைய பேச்சு எந்த நிலை வரை போகும் என்று அறிவிக்க வேண்டும். கையெழுத்துக் குறிப்பேடும் ரகசியத் தாள்தான்: மேலட்டையாக எஸ்.எஃப். 704 என்ற சிவப்பு அட்டை. டாப் சீக்ரெட்டுக்கு ஆரஞ்சு 703, கான்ஃபிடென்ஷியலுக்கு நீலம் 705.

தாள்களைப் பூட்டிவைக்கும் பெட்டி ஜி.எஸ்.ஏ. (அரசின் பொதுச் சேவை நிர்வாகம்) அங்கீகரித்ததாக இருக்க வேண்டும். திறக்கும்போதும் மூடும்போதும் எஸ்.எஃப். 702 தாளில் பெயர்ச்சுருக்கமும் நேரமும். நாள் முடிவில் எஸ்.எஃப். 701 சரிபார்ப்பு. பூட்டு எண்ணை எழுதிய எஸ்.எஃப். 700-க்குப் பெட்டிக்குள் இருக்கும் உச்ச நிலைத் தாளின் ரகசியம் உண்டு. மேசை நாட்காட்டியின் அடியில் பென்சிலால் எழுதிவைப்பது பாதுகாப்பு மீறல்.

6. தாள் பயணம் போகும்போது

இரண்டு ஒளிபுகா உறை. உள்ளுறையில் அனுப்புநர், பெறுநர், ரகசிய நிலை. வெளியுறையில் முகவரி மட்டும், ரகசியம் என்ற வாடையே வரக்கூடாது. உள்ளே ரசீது வைத்து, கையெழுத்தாகித் திரும்பும்வரை தொடருங்கள். சீக்ரெட்டை அமெரிக்கத் தபாலில் ரெஜிஸ்டர்டாக அனுப்பலாம். டாப் சீக்ரெட்டைத் தபாலில் அனுப்பவே கூடாது.

மின்னணு வழியில் கவனம் கூடுதல். சீக்ரெட் தகவலுக்கான பென்டகனின் கணினிப் பின்னல் சிப்பர்நெட் எல்லா அலுவலகத்திலும் இருக்காது, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு ஹெச்.எஸ்.டி.என். என்ற தனிப் பின்னல் உண்டு. இரு பக்கமும் எந்தப் பின்னலில் சந்திக்கும் என்பதை முதல் கூட்டத்துக்கு முன்பே ஒரு வெற்றுச் செய்தி அனுப்பிச் சோதியுங்கள். இது வேலை செய்யாதபோதுதான், அவசரத்தில் யாரோ "பொதுவான வரிகளை மட்டும்" சாதாரண மின்னஞ்சலில் தட்டுகிறார்.

அப்படித் தவறி அனுப்பிவிட்டால், அழிக்காதீர்கள், மறுபடி அனுப்பாதீர்கள், "அதைத் திறக்காதீர்கள், உள்ளே சீக்ரெட் இருக்கு" என்று பதில் மின்னஞ்சலும் போடாதீர்கள். கணினியைப் பின்னலிலிருந்து பிரித்து, பாதுகாப்பு அலுவலகத்துக்கு நேரில் அல்லது பாதுகாப்பான தொலைபேசியில் சொல்லுங்கள். தாளை எழுதிய துறைக்கும் தெரிவித்தாக வேண்டும், சேதத்தை அளக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். இணையத்தில் கசிந்துவிட்டதாலேயே ஒரு தகவலின் ரகசியம் நீங்கிவிடாது.

7. யார் யாரிடம் சொல்வது

2017 முதல் நடப்பில் உள்ள பாதுகாப்பு நிர்வாக உத்தரவு 3-இன்படி, கிளியரன்ஸ் உள்ளவரின் தனிப்பட்ட வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்அனுமதி வேண்டும். ஊரில் சாவு என்று இரவோடு இரவாகக் கிளம்ப வேண்டியிருந்தால், மேலதிகாரியிடம் வாய்மொழியாகவாவது சொல்லிவிட்டுப் போய், திரும்பியதும் ஐந்து வேலை நாளுக்குள் முழு விவரம் தர வேண்டும். சக ஊழியரிடம் தெரியும் கவலைக்குரிய நடத்தையும் சொல்ல வேண்டியதே.

கூட்டுப் பணியில் இது இரண்டு மடங்கு கடினம், ஏனென்றால் ஆள் ஒரு துறை, நாற்காலி இன்னொரு துறை. 2023-இல் வான்படைத் தேசியக் காவல் பிரிவிலிருந்து ரகசியத் தாள்கள் இணைய அரட்டைக் குழுவுக்குக் கசிந்தபோது, கசியவிட்டவர் தனக்குத் தேவையில்லாத உளவுத் தகவலைப் பார்த்துக் குறிப்பெடுத்ததை உடன் இருந்தவர்கள் முன்பே கண்டிருந்தார்கள். எச்சரித்தார்கள், ஆனால் விதிப்படி பாதுகாப்பு அதிகாரிகளிடம் முழுதாகப் போய்ச் சேரவில்லை. ஆகவே இரு துறைகளும் செய்துகொள்ளும் ஒப்பந்தக் குறிப்பில் இரு பக்கப் பாதுகாப்பு அதிகாரிகளின் பெயரையும் மாற்று ஆளையும் எழுதுங்கள். ஒருவரின் தகுதி இடைநிறுத்தப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் மறுபக்கம் தெரிய வேண்டும் என்று சேருங்கள். சும்மா "உடனடியாக" என்று எழுதினால் ஆளுக்கொரு பொருள் கொள்வார்கள்.

8. பணி முடிந்த நாளில்

ஒவ்வொருவருக்கும் விடைபெறும் விளக்கம்: கடமை இன்றோடு முடிவதில்லை என்று சொல்லி எஸ்.எஃப். 312-இன் விடுவிப்புப் பகுதியில் கையெழுத்து, விலகுபவர் வேறு பணிக்காகத் தகுதியைத் தொடர்ந்து வைத்திருந்தால் மட்டும் அது வேண்டாம். வருகைச் சான்றுகளை முடித்துவையுங்கள், இல்லையென்றால் ஓராண்டு வரை வாசல் திறந்தே இருக்கும். பூட்டு எண் தெரிந்த ஒருவர் போனாலும் எண்ணை மாற்ற வேண்டும். பெட்டியையே திருப்பித் தருவதாக இருந்தால் இழுப்பறைகளை முழுதாக வெளியே எடுத்து, பின்சுவரில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒற்றைத் தாள் அங்கே நழுவி மடிந்து கிடப்பது சாதாரணம். பிறகு எண்ணை எல்லாருக்கும் பொதுவான தொடக்க எண்ணான 50-25-50-க்கு மாற்றி, பெட்டி காலி என்று தேதியோடு எழுதி வெளியில் ஒட்டுங்கள்.