யூதர் வீட்டுத் துக்கத்துக்குப் போகும்போது

தஞ்சாவூர்ப் பக்கம் சாவு வீட்டு வாசலை மிதிக்கும்போதே குரல் விட்டு அழுதுகொண்டு போவதுதான் முறை. பெண்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள், வாசலில் பறை அடிக்கும். சத்தமில்லாமல் நின்றால் ‘ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே’ என்ற பேச்சு வரும். லண்டனிலோ நியூஜெர்சியிலோ நம்மோடு வேலை பார்க்கும் யூதர் வீட்டுச் சாவுக்கு இதே பழக்கத்தோடு போனால் தடுமாற்றம்தான்.

சேதி வந்ததும் கிளம்புங்கள். துபாயிலிருந்து மகன் வரட்டும் என்று நாம் ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்போம். அங்கே கூடுமானவரை சீக்கிரம், முடிந்தால் மறுநாளுக்குள் அடக்கம். வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இருட்டும் வரை ஓய்வுநாள், அப்போது அடக்கம் கிடையாது.

மாலை வாங்காதீர்கள். மரபான குடும்பங்களில் பூ வைப்பதில்லை. இறந்தவர் பெயரில் தருமத்துக்குப் பணம் கொடுப்பார்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடத் தேவையில்லை, பெரும்பாலான இடங்களில் அவர்களும் கல்லறை வரை போவார்கள்.

கடைசியாக முகம் பார்க்கணும் என்று கேட்காதீர்கள். ‘ஹெவ்ரா கதீஷா’ என்ற குழு மறைவாக உடலைக் குளிப்பாட்டி, பை வைக்காத வெள்ளைத் துணி உடுத்திவிடும். அதன் பிறகு பெட்டி திறக்காது. இஸ்ரேலில் பெட்டியே இல்லாமல் துணியோடு புதைப்பதும் உண்டு.

பிள்ளைகளின் சட்டை நெஞ்சருகே கிழிந்திருக்கும். அது சடங்கு, நின்றபடி கிழிப்பார்கள். பெற்றோருக்கு இடப்பக்கம், மற்ற நெருங்கிய உறவுக்கு வலப்பக்கம். சிலர் கறுப்பு ரிப்பனைக் குத்திக்கொண்டு அதை வெட்டுவார்கள். பாவம் என்று ஊக்கு நீட்டிவிடாதீர்கள்!

குழி நிரப்புவது உறவும் நட்பும் சேர்ந்து செய்யும் வேலை. முதலில் மண்வாரியைக் கவிழ்த்து, பின்புறத்தால் கொஞ்சம் மண் தள்ளுவார்கள். இது அன்றாட வேலை போல நடக்கக் கூடாது என்பதற்காக. போட்டதும் மண்வாரியை அடுத்தவர் கையில் தராமல் மண்மேட்டில் குத்திவிட்டு நகருங்கள். பலகைமேல் முதல் மண் விழும் சத்தம் இருக்கிறதே, அதுவரை கல்லாக நின்றவரும் அங்கே உடைந்துவிடுவார். உடனே ஓடிப்போய்த் தேற்ற வேண்டாம். பிணம் எதிரில் கிடக்கும்போது ஆறுதல் சொல்லாதே என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. குழி மூடியதும் எல்லோரும் இரண்டு வரிசையாக நிற்க, துக்கப்பட்டவர்கள் நடுவே நடந்து போவார்கள். ஆறுதல் வார்த்தை அங்கேதான் ஆரம்பம். இடுகாட்டை விட்டு வரும்போது கை கழுவுவார்கள், நீங்களும் கழுவுங்கள்.

அடுத்த ஏழு நாள் வீட்டில் ‘ஷிவா’. நம் சிவனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எபிரேயத்தில் ஏழு என்று பொருள். துக்கக்காரர்கள் தாழ்வான இருக்கையில் இருப்பார்கள், முகம் பார்க்கும் கண்ணாடிகளைத் துணியால் மூடியிருப்பார்கள். வணக்கம் சொல்லாமல் உள்ளே போய் உட்காருங்கள். அவர் வாய் திறக்கும் வரை பேச வேண்டாம். நமக்கு இது புதிதில்லை: சாவு வீட்டில் ‘வாங்க’வும் கிடையாது, ‘போயிட்டு வர்றேன்’னும் கிடையாது. வயசு, வியாதி, ‘நல்ல சாவு’ என்ற விசாரணையெல்லாம் எடுபடாது. அவர் பேசாவிட்டால் சும்மா இருந்துவிட்டு எழுந்து வாருங்கள்.

அடக்கம் முடிந்து அவர்கள் சாப்பிடும் முதல் சாப்பாடு அக்கம்பக்கத்தார் கொண்டுவருவது: அவித்த முட்டை, பருப்பு போல உருண்டையானவை. நீங்கள் வீட்டில் சமைத்ததைக் கொண்டுபோகாதீர்கள், ‘கோஷர்’ என்ற யூத உணவு விதிப்படி அவர்களால் தொட முடியாமல் போகலாம். நறுக்காத பழம் சரி.

இதையெல்லாம் வைத்து யூதர்கள் அழமாட்டார்கள் என்று நினைத்தால் தப்பு. கிழக்கு ஐரோப்பிய வழி வந்தவர்களிடம்தான் அழுகையை அடக்கிக்கொள்வது கூடுதல். ஏமன் வழிக் குடும்பங்களில் பெண்கள் புலம்பிப் பாடும் மரபு உண்டு. பரம ஏழையானாலும் மனைவி சாவுக்கு இரண்டு குழலும் ஓர் ஒப்பாரிக்காரியும் வைக்க வேண்டும் என்று மிஷ்னாவில் ரபி யூதா என்ற மதகுரு சொல்கிறார். எல்லோரும் சேர்ந்து புலம்புவதற்கு ஒரு பெயர், ஒருத்தி சொல்ல மற்றவர்கள் வாங்கிப் பாடுவதற்கு வேறு பெயர். நம்ம ஒப்பாரியேதான்! ஆகவே அந்த வீட்டு மூத்த பெண்களைப் பாருங்கள். அவர்கள் குரல் எழுந்தால் நீங்களும் அழலாம், முதல் குரல் உங்களுடையதாக வேண்டாம்.

பிறகு கல்லறைக்குப் போக நேர்ந்தால் பூவுக்குப் பதில் ஒரு சின்னக் கல்லை மேலே வைப்பார்கள். நம்ம வண்டல் மண்ணில் கல்லைத் தேடத்தான் வேண்டும். அங்கே பாதையோரத்திலேயே கிடக்கும்.