முட்டை, பால், வெண்ணெய் இல்லாத வாழைப்பழ பிரெட்: ஓவனிலும் குக்கரிலும்

பேக்கிங் பழக நினைப்பவர்கள் முதலில் வாழைப்பழ பிரெட்டில் தொடங்குவது நல்லது. இதற்கு ஈஸ்ட் வேண்டாம், மாவு பிசைந்து ஊற வைக்கும் வேலையும் இல்லை. சோடாவும் பேக்கிங் பவுடரும் சேர்ந்து உப்ப வைப்பதால் இது கிட்டத்தட்ட கேக் மாதிரிதான். 1930களில் அமெரிக்கச் சமையல் புத்தகங்களில் பரவிய இந்தப் பண்டத்தை 2020 ஊரடங்கு நாட்களில் உலகம் முழுக்க வீட்டுக்கு வீடு சுட்டார்கள்.

வீகன் முறையில் முட்டை, பால், தயிர், வெண்ணெய், தேன் எதுவும் சேராது. மாவைப் பிடித்து நிறுத்துவதும் ஈரம் கொடுப்பதும் முட்டையின் வேலை. நன்றாகக் கனிந்த வாழைப்பழம் அந்த இரண்டையும் செய்துவிடும். அதனால் முட்டைக்குப் பதிலாகச் சேர்க்கும் ஆளி விதைத் தூளைத் தேடி அலைய வேண்டியதில்லை. வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய், பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால். நம் வீட்டில் எப்போதும் இருப்பவைதானே!

சரி, எந்தப் பழம்? சுவையை முடிவு செய்வது இதுதான். வெளிநாட்டுக் குறிப்புகளில் சொல்லப்படுவது பெரும்பாலும் கேவண்டிஷ் இனம். நம் கடைகளில் ரோபஸ்டா, பச்சைப்பழம், மோரிஸ் என்ற பெயர்களில் கிடைப்பதும் அந்த இனம்தான். முதல் முறை அதை வாங்குங்கள், அளவு பிசகாது. எனக்குப் பிடித்தது பூவன். அதன் லேசான புளிப்பு சோடாவோடு நன்றாக வேலை செய்யும், மணமும் தூக்கலாக இருக்கும். கற்பூரவள்ளி ரொம்ப இனிப்பு, சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ரஸ்தாளியின் நடுப்பகுதி சில சமயம் கட்டியாக இருக்கும். அதைப் பார்த்து எடுத்துவிட்டு மசிக்க வேண்டும். நேந்திரம் தோல் கறுக்கும் வரை காத்திருந்தால் மட்டுமே சரிவரும். சிறுமலைப் பழம், விருப்பாட்சி போன்ற மலைவாழை கிடைத்தால் தயவுசெய்து மாவில் போடாதீர்கள், அப்படியே சாப்பிடுங்கள்.

எந்தப் பழமானாலும் தோலில் கரும்புள்ளிகள் நிறைய விழுந்திருக்க வேண்டும். பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அரைக்காயாக இருந்தால் இனிப்பும் வராது, மசியவும் மசியாது. வீட்டில் யாரும் தொடாமல் கிடக்கும் பழம்தான் இதற்கு வேண்டியது. பழம் சேர்ந்துவிட்டால் தோலை உரித்து டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். இளக்கும்போது வடியும் நீரைக் கொட்டாமல் பழத்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.

தேவையானவை (8 அங்குல நீள டின் அல்லது 7 அங்குல வட்ட டின்னுக்கு)

கோதுமை மாவு: 200 கிராம்
தோல் நீக்கிய பழம்: 300 கிராம் (பெரிய பச்சைப்பழம் 3)
நாட்டுச்சர்க்கரை: 120 கிராம்
சூரியகாந்தி அல்லது தேங்காய் எண்ணெய்: 75 மி.லி.
கெட்டித் தேங்காய்ப்பால்: 80 மி.லி.
எலுமிச்சைச் சாறு: 1 டேபிள்ஸ்பூன்
பேக்கிங் பவுடர்: 1 டீஸ்பூன்
சமையல் சோடா: ½ டீஸ்பூன்
உப்பு: ¼ டீஸ்பூன்
ஏலக்காய்த்தூள் அல்லது பட்டைத்தூள்: ½ டீஸ்பூன்
உடைத்த முந்திரி அல்லது வால்நட்: ஒரு கைப்பிடி

மைதாவில் செய்தால் தேங்காய்ப்பால் 50 மி.லி. போதும். கோதுமை மாவில் தவிடு இருப்பதால் கூடுதலாக ஈரம் இழுக்கும். பழத்தை மட்டும் எண்ணிக்கையை நம்பாமல் எடை போட்டுப் பாருங்கள். பூவனும் பச்சைப்பழமும் ஒரே அளவு இல்லை.

செய்முறை

1. ஓவனை 175 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் சூடாக்குங்கள். ஓடிஜியாக (மேசையில் வைக்கும் சிறிய மின்சார ஓவன்) இருந்தால் மேல் கம்பி, கீழ் கம்பி இரண்டும் எரிய வேண்டும். டின்னில் எண்ணெய் தடவி, அடியில் பட்டர் பேப்பர் போடுங்கள். ஈரக் கலவை தயாராகும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். சோடாவில் ஈரம் பட்டதும் குமிழ் கிளம்பத் தொடங்கும்; ஓவனுக்காகக் காத்திருந்தால் அது வீணாகிவிடும்.

2. பழத்தை முள்கரண்டியால் மசியுங்கள். மிக்ஸியில் கூழாக்க வேண்டாம், சின்னச் சின்னத் துண்டுகள் இருந்தால் நல்லது. அதில் நாட்டுச்சர்க்கரை (கட்டி இருந்தால் சலித்து), எண்ணெய், தேங்காய்ப்பால், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கலக்குங்கள். தேங்காய்ப்பால் லேசாகத் திரிந்தது போலத் தெரிந்தால் கவலை வேண்டாம்.

3. மாவு, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, ஏலக்காய்த்தூள் எல்லாவற்றையும் ஒன்றாக இரண்டு முறை சலியுங்கள். சோடா ஓரிடத்தில் கட்டியாக நின்றால் அந்தத் துண்டு கசக்கும்.

4. மாவை ஈரக் கலவையில் கொட்டி, அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். வெள்ளை மாவு கண்ணில் படாத அளவு வந்ததும் நிறுத்திவிடுங்கள். இந்த இடத்தில் கை நிற்காமல் அடித்தால் கோதுமையின் பசைத்தன்மை கூடி, வெந்தபிறகு ரப்பர் போல இழுக்கும். கடைசியாக முந்திரியைச் சேருங்கள். மாவு கரண்டியிலிருந்து கட்டியாக, மெதுவாக விழ வேண்டும். கரண்டியிலேயே ஒட்டி நின்றால் இன்னும் ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய்ப்பால் விடலாம்.

5. டின்னில் முக்கால் அளவுக்கு மேல் போகாமல் ஊற்றி, ஓவனின் நடுத்தட்டில் 50 முதல் 60 நிமிடம் சுடுங்கள். முதல் அரை மணி நேரம் கதவைத் திறக்கவே கூடாது. பிறகு மேல்பக்கம் சீக்கிரம் கறுத்தால் அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள். நடுவில் குச்சி விட்டு எடுத்தால் ஈர மாவு ஒட்டக் கூடாது, ஒன்றிரண்டு உதிரித் துகள் ஒட்டினால் பரவாயில்லை. மேலே வெடிப்பு விழுவது இயல்பானது.

ஓவன் இல்லாதவர்களுக்கு

அடிகனமான பழைய குக்கரோ, மூடி சரியாகப் பொருந்தும் பெரிய பாத்திரமோ போதும். குக்கர் என்றால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கண்டிப்பாகக் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. அடியில் அரை அங்குல உயரத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். அப்புறம் வட்ட டின்னை உள்ளே வைத்து, தீயைக் குறைத்து 45 நிமிடம் கழித்துக் குச்சி விட்டுப் பாருங்கள். மேல்பக்கம் ஓவனில் வருவது போல நன்றாகச் சிவக்காது. ஆனால் உள்ளே பஞ்சு போல வெந்திருக்கும், சுவையிலும் குறை இருக்காது. தினமும் சமைக்கும் நல்ல குக்கரை இதற்கு எடுக்காதீர்கள், வெறுமனே சூடாக்குவது பாத்திரத்துக்கு நல்லதல்ல.

வெந்ததும் 10 நிமிடம் டின்னிலேயே விட்டு, பிறகு கம்பித் தட்டில் கவிழ்த்து முழுக்க ஆற விடுங்கள். சூட்டோடு வெட்டினால் உள்ளே களி போலத் தெரியும், வேகவில்லை என்று நினைத்துவிடுவீர்கள். முழுக்க ஆறிய பிறகும் அடிப்பகுதி களியாக இருந்தால் பழம் கூடிவிட்டது அல்லது நேரம் போதவில்லை என்று பொருள். நடுவில் குழி விழுந்தால் கதவைச் சீக்கிரம் திறந்திருப்பீர்கள், அல்லது சோடா பழையதாகியிருக்கும். கொஞ்சம் சோடாவில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பொங்கவில்லை என்றால் புது பாக்கெட் வாங்குங்கள்.

சாக்லேட் துண்டுகள் சேர்க்க ஆசைப்பட்டால் உறையில் பால் பொருள் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். டார்க் என்று போட்டிருந்தாலும் சிலவற்றில் பால் இருக்கிறது. சூரியகாந்தி விதை போட்டால் சோடா பட்டு ஆங்காங்கே பச்சை நிறம் வரும். பார்க்கத்தான் ஒரு மாதிரி இருக்குமே தவிர, தாராளமாகச் சாப்பிடலாம்.

மறுநாள் சாப்பிட்டால் சுவை இன்னும் கூடியிருக்கும். நம் வெயிலுக்கு வெளியே ஒன்றரை நாள் தாங்கும், அதற்கு மேல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்து இறுகிய துண்டை தோசைக்கல்லில் துளி தேங்காய் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டால் ஓரம் மொறுமொறுவென்று வரும்.