லிங்க்கை அடி என்று நினைத்துவிட்டேன்

தாத்தா காலத்து நிலத்துக்கு வேலி போட, பழைய புலப்படத்தை எடுத்தேன். நீளம் 250, அகலம் 120 என்று இருந்தது. பக்கத்தில் அலகு எதுவும் எழுதவில்லை. அடிதானே என்று டேப்பைப் பிடித்தால், அளவு பக்கத்து வரப்பைத் தாண்டிப் போகிறது! பங்காளி முகம் சிவந்ததைச் சொல்லவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அடி என்றால் 30,000 சதுர அடி, கிட்டத்தட்ட 69 சென்ட். பத்திரத்திலோ 30 சென்ட்தான். அப்புறம்தான் பொறி தட்டியது: இது லிங்க், பழைய நில அளவை அலகு.

வெள்ளைக்காரன் காலத்தில் நிலம் அளந்த கண்டர் சங்கிலி 66 அடி நீளம், அதில் 100 கண்ணி; ஒரு கண்ணிதான் ஒரு லிங்க். ஆக, ஒரு லிங்க் 0.66 அடி, அதாவது 7.92 அங்குலம். 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட். 250-ஐ 120-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் சரியாக 30. எவ்வளவு அழகான கணக்கு, மெட்ரிக்கில்கூட இந்தச் சுகம் கிடையாது.

0.66-ஆல் பெருக்கி 165 அடி, 79.2 அடி என்று மறுபடி அளந்தேன். டேப் பழைய எல்லைக்கல்லின் மேலேயே போய் நின்றது. 100 அடி சங்கிலியும் உண்டு, அதில் லிங்க் ஒரு அடி. அதனால் பத்திரத்துப் பரப்போடு ஒத்துப்பார்த்த பிறகே குழி தோண்டினேன்.