வீடு மாறும்போது பழக்கத்தையும் மாற்றிக்கொள்வது எப்படி?

பெங்களூரில் வாடகை வீட்டு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 11 மாதங்களுக்கே எழுதப்படுகின்றன. வேலை மாறினாலும், பிள்ளைக்கு வேறு பகுதியில் பள்ளி கிடைத்தாலும், வாடகை கட்டுப்படியாகாமல் போனாலும், சேலத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ வந்து இங்கே குடியேறிய நம் குடும்பங்கள் மறுபடியும் சாமான்களைக் கட்ட வேண்டியிருக்கிறது. செலவும் அலைச்சலும் மிகுந்த அந்த வாரங்களில் பழக்கங்களைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆனால் நெடுநாளாக விட நினைத்த ஒன்றை விடுவதற்கும், தொடங்க நினைத்த ஒன்றைத் தொடங்குவதற்கும் அதைவிட ஏற்ற காலம் எளிதில் வாய்க்காது.

ஏனென்றால் பழக்கம் நம் மன உறுதியைவிட, நாம் இருக்கும் இடத்தையே அதிகம் பற்றிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் வெண்டி வுட்டும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் மணிக்கொரு முறை தாம் செய்துகொண்டிருந்ததைக் குறித்துவைத்தார்கள். அச்செயல்களில் ஏறத்தாழ 43 விழுக்காடு, பெரும்பாலும் அதே இடத்தில் அன்றாடம் செய்யப்படுபவை. செய்யும்போது மனம் வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தது. வுட் பங்கேற்று 2011இல் வெளியான மற்றோர் ஆய்வில், திரையரங்கில் பாப்கார்ன் தின்னும் பழக்கம் ஊறியவர்கள், ஏழு நாள் பழைய பாப்கார்னையும் புதியதைப் போலவே தின்று தீர்த்தார்கள். ஆனால் கூட்ட அறையொன்றில் கொடுத்தபோதும், வழக்கமற்ற கையால் எடுத்துத் தின்னச் சொன்னபோதும், பழையதைக் குறைவாகவே தின்றார்கள். பழக்கத்தை நடத்திச் சென்றது நாவின் சுவையன்று, அரங்கின் இருட்டும் இருக்கையும்தான் என்பது இதிலிருந்து விளங்கும்.

இடம் மாறினால் இந்தப் பிடி தளர்கிறது. பாஸ் வெர்பிளாங்கன் என்ற ஆய்வாளர், இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் 800 வீடுகளில் நடத்திய கள ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. சுற்றுச்சூழலுக்கு உகந்த பழக்கங்களைக் கைக்கொள்ள ஒரேவகையான ஊக்கம் தரப்பட்டும், அண்மையில் வீடு மாறியவர்களிடமே அது கூடுதலாகப் பலித்தது. அந்த வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மாதங்கள் மட்டுமே திறந்திருந்தது. ஆகவே, குடிபுகுந்து ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்காதீர்கள்.

வேலையைப் பழைய வீட்டிலேயே தொடங்குங்கள். ஒரு வாரம், மாற்ற நினைக்கும் பழக்கம் தலைகாட்டும் ஒவ்வொரு முறையும், அப்போது மணி என்ன, எங்கே இருந்தீர்கள், சற்று முன் என்ன செய்தீர்கள், கூட யார் இருந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் பேருந்திலிருந்து இறங்கியதும் தெருமுனை பேக்கரியில் தேநீரும் பஃப்ஸும் சாப்பிடுவதை எடுத்துக்கொண்டால், அது பசியால் நடக்கிறதா, அந்த நிறுத்தத்தில் இறங்குவதால் நடக்கிறதா என்பது நான்கைந்து குறிப்புகளிலேயே தெரிந்துவிடும். விட வேண்டியது ஒன்று, தொடங்க வேண்டியது ஒன்று என்பதற்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். புது வீட்டில் எல்லாவற்றையும் சீர்படுத்திவிடலாம் என்ற ஆசை இயல்பானதுதான். எனினும் வீடு மாற்றும் களைப்பில் அது ஒரு வாரம்கூடத் தாங்காது.

புது வீட்டில் பொருள்களை அடுக்குவதற்கு முன்பே, பழக்கத்துக்கான இடத்தை முடிவு செய்யுங்கள். இரவு நெடுநேரம் கைப்பேசி பார்ப்பதை நிறுத்த விரும்பினால், முதல் இரவிலிருந்தே சார்ஜரைக் கூடத்தில் மாட்டுங்கள். படுக்கையறையில் ஒருமுறை மாட்டிவிட்டால் அதுவே அதன் இடமாகிவிடும். காலையில் நடக்க விரும்புகிறவர்கள் காலணியை அலமாரிக்குள் வைக்காமல் வாசலருகே வைக்கலாம். உணவு வரவழைப்பதைக் குறைக்க விரும்புகிறவர்கள் செயலிகளில் புதிய முகவரியைச் சேமிக்காமலே இருந்துவிடலாம். ஒவ்வொரு முறையும் கதவு எண் முதல் அஞ்சல் குறியீடு வரை தட்டச்சு செய்ய வேண்டிய அந்தச் சிறு தொல்லையே, அரிசி களைந்து வைக்கலாமே என்று யோசிக்க இடம் கொடுக்கும்.

அலுவலகத்துக்குச் செல்லும் வழிக்கும் இது பொருந்தும். 2014இல் லண்டன் சுரங்க ரயில் வேலைநிறுத்தத்தால் வேறு வழியில் செல்ல நேர்ந்தவர்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர், ரயில்கள் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகும் புதிய வழியையே வைத்துக்கொண்டார்கள் என்று பின்னர் ஓர் ஆய்வு காட்டியது. கட்டாயம் நேரும்வரை அவர்கள் அதைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்கிறவர்களுக்கு, 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் வழித்தடம் அப்படியொரு வாய்ப்பு. புது வீட்டின் முதல் வாரத்திலேயே இரண்டு மூன்று வழிகளில் சென்று பார்த்துவிட்டுப் பிறகு ஒன்றை நிலைப்படுத்துங்கள்.

புதிய பழக்கத்தைக் கடிகாரத்தோடு கட்டுவதைவிட, தவறாமல் நடக்கும் ஒரு நிகழ்ச்சியோடு கட்டுவதே மேல் என்பது என் கருத்து. ‘இனிமேல் தினமும் படிப்பேன்’ என்ற பொதுவான உறுதி எங்கும் ஊன்றுவதில்லை. ‘மெட்ரோவில் ஏறி நின்றதும் புத்தகத்தைத் திறப்பேன்’, ‘பால் காய்ந்து அடுப்பை அணைத்ததும் மாத்திரையை எடுப்பேன்’ என்று, எது நடந்ததும் எது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இவ்வாறு முன்கூட்டி வகுத்துக்கொள்வது செயலை எளிதாக்குகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலேயே விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார்.

எத்தனை நாளில் பழகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். 21 நாள் என்ற கணக்கு, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அறுவை மருத்துவர் தம் நோயாளிகளைக் கவனித்து 1960இல் எழுதிய ஒரு குறிப்பிலிருந்து பரவியது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில் சராசரி 66 நாள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கத்தைவிட உடற்பயிற்சி படிய அதிக நாள் பிடித்தது. இடையில் ஒருநாள் விடுபட்டதால் பெரிய பின்னடைவு ஏதும் நேரவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. இருபத்திரண்டாம் நாளும் சிரமமாக இருக்கிறதே என்று மனமுடைந்து கைவிட்டவர்கள் பலர். தவறான கணக்கே அவர்களைத் தோற்கடித்தது.

பழைய பழக்கம் அழிந்துவிடுவதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனதும் பழைய நண்பர்களோடு பழைய இடத்தில் அது மீண்டும் தலைதூக்கலாம். திரும்பி வந்த மறுநாளே புது வீட்டு ஒழுங்கைத் தொடர்ந்தால் போதும். ஆனால் புகையிலையும் மதுவும் உடலையே பிடித்துக்கொள்பவை. இடமாற்றத்தை மட்டும் நம்பியிராமல் மருத்துவ உதவி பெறுங்கள். நகரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. புகையிலையை விடுவதற்கான தேசிய உதவி எண் 1800-11-2356.

எனக்கு மிகுந்த கவலை தருவது, ஊரிலிருந்து இங்கே அழைத்துவரப்படும் பெற்றோரின் நிலை. ஊரில் அப்பா நாள்தோறும் நடந்தது, கோயில் மணி அடித்ததாலும் வழியில் நான்கு பேர் நின்று பேசியதாலும்தான். அடுக்ககத்துக்கு வந்ததும் அந்தத் தூண்டுதல்கள் அனைத்தும் ஒரே நாளில் இல்லாமல் போகின்றன. நடை நின்றுபோகிறது, மாத்திரை நேரம் தவறுகிறது, நாமோ அதை முதுமையின் தளர்ச்சி என்று எண்ணிவிடுகிறோம். முதல் சில வாரங்கள் வீட்டிலிருந்து ஒருவர் அவரோடு கட்டாயம் நடக்க வேண்டும். நாள்தோறும் அதே வாயில், அதே பாதை, அதே கடையில் நாளிதழ் என்று மாறாமல் இருக்கட்டும். அல்சூர்ப் பக்கம் குடியிருப்பவர்கள், ஏரியருகே உள்ள திருவள்ளுவர் சிலையைத் திரும்பும் இடமாக வைத்துக்கொள்ளலாம். அம்மாவின் மாத்திரைப் பெட்டி, ஊரில் இருந்ததைப் போலவே காபித் தூள் டப்பாவின் அருகில் இருக்கட்டும். சமையலறையை நம் வசதிக்கு அடுக்குவதற்கு முன், எது எங்கே இருந்தால் கைக்கு வரும் என்று அவரிடமே கேட்டு அடுக்குங்கள்.