மண்டபத்தில் வைஃபை வந்த கதை

கடலோர ஊரான மண்டபத்தில், மச்சானின் ஐஸ் கடை லேப்டாப்பில் டெபியன் 11 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். வைஃபையைக் காணோம். உள்ளே உள்ள வன்பொருளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையில் வைஃபை கார்டு தெரிந்தது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜியில் (dmesg) பார்த்தால் ஃபர்ம்வேர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், கோப்பு இல்லை என்று ஒரு வரி. அதை இறக்கவே இணையம் வேண்டுமே! சரி, லேன் கேபிளைச் செருகினேன். போர்ட்டின் விளக்கே எரியவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தால் போர்ட்டின் பின்களில் பச்சைக் களிம்பு. உப்புக்காற்று செம்பை விட்டுவைக்குமா? பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய டூத்பிரஷால் மெல்லத் தேய்த்து நன்றாகக் காயவிட்டேன். கேபிள் முனையையும் வெட்டிப் புதிய பிளக்கை அழுத்திப் பொருத்திய (கிரிம்ப்) பிறகே விளக்கு எரிந்தது.

அப்புறம், மென்பொருளை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் சோர்சஸ் லிஸ்ட் கோப்பில், கட்டற்ற உரிமம் இல்லாதவற்றுக்கான நான்-ஃப்ரீ பிரிவைச் சேர்த்து, ஃபர்ம்வேரை நிறுவி, ரீபூட் செய்ததும் வைஃபை வந்துவிட்டது. 2023இல் வந்த டெபியன் 12 முதல் இன்ஸ்டாலரிலேயே ஃபர்ம்வேர் இருக்கிறது. புதிதாகப் போடுபவர்கள் அதையோ அதற்குப் பிந்தைய பதிப்பையோ எடுங்கள்.