நாலு அழைப்பும் சரி, விடை மட்டும் ‘நன்’
திருகோணமலையில் உயர்தர ஐசிடி பிள்ளைகளுக்குக் காட்ட, பைதன் நிரல்மொழியில், பொ.கா.பெ. (பொதுக் காரணிகளுள் பெரியது) காணும் ரிக்கர்சிவ் ஃபங்ஷன், அதாவது தன்னைத்தானே மறுபடி அழைக்கும் ஃபங்ஷன் ஒன்று எழுதினேன். 48, 18 கொடுத்தால் 6 வரவேண்டும்; திரையில் ‘நன்’ (None, அதாவது ‘ஒன்றுமில்லை’) என்று விழுந்தது. மூன்று நாள் போய்விட்டது.

இன்புட் எழுத்தாகப் போகிறதோ என்று, முழு எண்ணாக மாற்றும் ‘இன்ட்’ போட்டுப் பார்த்தேன். பிறகு ரிக்கர்ஷன் எல்லையை (அழைப்புக்குள் அழைப்பு எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை) 1000இலிருந்து 5000 ஆக்கினேன். அது வீண் வேலை: எல்லை தாண்டினால் பைதன் பிழைச்செய்தி காட்டும், பேசாமல் ‘நன்’ தராது.

குழப்பியது இதுதான். 6, 0 கொடுத்தால் விடை சரி. 48, 18 கொடுக்கும்போதும், ஃபங்ஷனுக்குள் பிரின்ட் போட்டால் கடைசியில் 6 தெரிகிறது!

ஒவ்வொரு அழைப்பும் இரண்டாம் எண்ணையும், வகுத்து வரும் மீதியையும் அடுத்த அழைப்புக்குக் கொடுக்கும்; மீதி 0 ஆனால் நிற்கும். அதைக் கொப்பியில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினேன்: (48, 18), (18, 12), (12, 6), (6, 0). கடைசி அழைப்பு 6ஐ நேரே வெளியே அனுப்புவதில்லை. தன்னை அழைத்த (12, 6)இடம்தான் கொடுக்கிறது. அது வாங்கியதை மேலே கொடுக்காமல் முடிந்துவிடுகிறது. விடையை அழைத்தவரிடம் திருப்பிக் கொடுக்கும் ‘ரிட்டர்ன்’ இல்லாமல் முடியும் ஃபங்ஷன் ‘நன்’னைத்தான் தரும். 6, 0இல் இடையில் யாருமில்லை, அதனால் தப்பியது.

இரண்டாம் எண் 0 இல்லாதபோது ஓடும் ‘எல்ஸ்’ பகுதியில், மறுபடி அழைக்கும் வரிக்கு முன்னால் ‘ரிட்டர்ன்’ சேர்த்தேன். 6 வந்தது, அப்பாடா. பிரின்ட் போடுவதென்றால் நுழையும் இடத்தில் மட்டும் போதாது, அழைப்பு திரும்பிவந்த பிறகும் ஒன்று போடுங்கள்.